எஞ்சினுக்குள்ள ஊத்தின பாகு: ஐம்பது வருஷம் கழிச்சு ஒரு ரிவ்யூ

போன வாரம் டெக்ஸாஸ்ல இருக்கற நம்ம ஜூனியர் ஒருத்தர் வாட்ஸ்ஆப்ல ஒரு போட்டோ அனுப்பி, "ஏங்ணா, பேரன் பழைய கார் ஒண்ணு வாங்கிட்டு வந்து நிக்கறான், ஆயில் குடிக்குது, கடையில இந்த ஆயில் ட்ரீட்மென்ட் இருக்குது, ஊத்தலாமா வேண்டாமா, நீங்கதான் அந்தக் காலத்துலயே இதுல பிஎச்டி பண்ணவராச்சே"ன்னு கேட்டார். கேள்வி சாதாரணம்தான். ஆனா கேட்டவர் யாருங்கறதுல ஒரு விவகாரம் இருக்கு, அதைப் பின்னாடி சொல்றேன். ரெண்டு வரில பதில் போட உட்கார்ந்தேன், நீண்டுட்டே போச்சு, சரி எல்லாரும் படிக்கட்டும்னு இங்கயே போடறேன்.

ஆயில் அடிட்டிவ், அதான் எஞ்சின் ஆயிலோட கலந்து ஊத்தற சரக்கு, அதைப் பத்திப் பாடம் எடுக்கப் போறதில்ல. நான் சொல்றது இன்னிக்கு வர்ற தண்ணி மாதிரி சமாச்சாரம் இல்ல, அந்தக் காலத்து கெட்டிச் சரக்கு, எஸ்டிபிங்கற அமெரிக்க பிராண்ட் மாதிரி. டப்பாவைக் கவுத்தா உடனே விழாது, யோசிச்சுத்தான் விழும்.

நான் 1972 ஆகஸ்ட்ல பர்டூ யுனிவர்சிட்டிக்கு வந்தேன், இண்டியானா மாநிலம், வெஸ்ட் லஃபாயெட். அடுத்த ஏப்ரல்ல முதல் கார். ஊருக்கு வெளிய சோளக்காட்டுக்காரர் ஒருத்தர் வித்தார், ஆறு சிலிண்டர், ஒன்பது வருஷப் பழசு, 275 டாலர். எந்தக் கம்பெனி கார்ங்கறது வேண்டாம், தப்பு கார் மேல இல்ல. ஸ்டார்ட் பண்ணா தையல் மெஷின் மாதிரி ஓடுச்சு, புகை இல்ல, டேப்பட் சத்தம், அதான் வால்வ் பக்கத்துக் கடகட, அதுவும் இல்ல, நானும் பானெட்டைத் திறந்து பெரிய மெக்கானிக் கணக்கா காதை வச்சுக் கேட்டுட்டு பணத்தை எண்ணிக் கொடுத்துட்டு வந்தேன்.

இதுல வெட்கக்கேடு என்னன்னா எங்க சித்தப்பாவுக்கு சங்ககிரில லாரிப் பட்டறை. லீவு விட்டா நான் அங்கதான் கிடப்பேன். பழைய லாரியை விக்க வர்றவங்க சில பேர் முந்தின நாளே எஞ்சின் ஆயில்ல கொஞ்சம் 90 ஆயில், அதான் கியர் பாக்ஸுக்கு ஊத்தற கெட்டி ஆயில், கலந்து ஓட்டிட்டு வருவாங்க, சத்தம் அமுங்கிடும், புகையும் அடங்கிடும். சித்தப்பா எஞ்சின் சத்தத்தைக் கேக்கவே மாட்டார். டிப்ஸ்டிக்கை, அதான் ஆயில் அளவு பாக்கற கம்பியை, உருவி ஒரு சொட்டை ஆள்காட்டி விரல்ல எடுத்துக் கட்டைவிரலோட ஒட்டி ஒட்டிப் பிரிப்பார், அதிரசத்துக்கு எங்கம்மா வெல்லப் பாகு பதம் பாக்கற மாதிரியேதான். நூல் இழுத்துச்சுன்னா "எடுத்துட்டுப் போப்பா"ன்னுடுவார், அவ்வளவுதான் பேச்சு. இதையெல்லாம் பத்து வயசுலேர்ந்து பாத்து வளந்தவன் கடல் தாண்டி வந்து ஒரு சோளக்காட்டுக்காரர்கிட்ட அதே வித்தையில ஏமாந்தேன். அமெரிக்காவுல அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்கன்னு ஒரு நினைப்பு, வேற என்ன.

மூணு வாரம் கழிச்சு ஆயில் மாத்தினேன். 30 நம்பர் ஆயில், புதுசு, சுத்தமா. மாத்தி ஸ்டார்ட் பண்ணேன் பாருங்க, டேப்பட் கடகடகடன்னு அடிக்குது, பின்னாடி திரும்பிப் பாத்தா கொசு மருந்து அடிக்கற வண்டி மாதிரி நீலப் புகை, ரோட்ல நடந்து போன ஒரு அம்மா குழந்தையை இழுத்துட்டு எதிர்ப்பக்கம் ஓடினாங்க. பங்க்ல இருந்த மெக்கானிக் நான் வடிச்சு வச்சிருந்த பழைய ஆயில்ல ஒரு குச்சியை விட்டுத் தூக்கிக் காட்டினார். நூல். ஒரு முழம் நூல். "உனக்கு வித்தவன் குறைஞ்சது ரெண்டு டப்பா ஊத்தியிருக்கான்"னார். பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரிங் தேஞ்சு போயிடுச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்னா காரோட விலையைத் தாண்டும். எனக்கு மாசா மாசம் வர்ற அசிஸ்டென்ட்ஷிப்ல வாடகை போக மிச்சமே கொஞ்சம். "அப்ப என்ன பண்றது?"ன்னேன். அவர் தோளைக் குலுக்கிட்டு ஷெல்ஃபைக் காட்டினார். அதே டப்பா.

இங்க ஒரு உண்மையைச் சொல்லிடணும். நான் எஸ்டிபி வாங்கல. அதை விட நாற்பது சென்ட் கம்மியா ஒரு கடை தன் சொந்தப் பேர்ல போட்டிருந்த சரக்கைத்தான் வாங்கினேன், அந்தக் கடை பேரும் வேண்டாம். ஆக கீழ வர்ற திட்டெல்லாம் அந்த அநாமதேய டப்பாவுக்குத்தான். எஸ்டிபிகிட்டேர்ந்து எனக்குக் கிடைச்சது ஒரு ஸ்டிக்கர், அதுக்கும் வர்றேன்.

முதல் எரிச்சல், கடைசி எரிச்சல், ஐம்பது வருஷமா தீராத எரிச்சல்: அது ஊத்தறதுதான். டப்பா மேல ஓப்பனரால ரெண்டு பக்கமும் குத்தி, எஞ்சின் தலை மேல ஆயில் ஊத்தற ஓட்டைக்கு நேரா கவுத்துப் பிடிக்கணும். முதல்ல ஒண்ணும் வராது. அப்புறம் ஒரு குண்டு சொட்டு எட்டிப் பாக்கும். அப்புறம் கயிறு மாதிரி இறங்கும், காத்தடிச்சா அந்தக் கயிறு வளைஞ்சு ஓட்டையை விட்டுட்டு வால்வ் கவர் மேல கோலம் போடும். அது அங்க சூட்டுல காய்ஞ்சு தார் ஆயிடும், தூசி எல்லாம் வந்து ஒட்டும். முக்கால்வாசி இறங்கினதும் மிச்சம் டப்பா உள் சுவத்துல ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்கும். காசு கொடுத்து வாங்கினதாச்சே, விட மனசு வருமா, அரை மணி நேரம் ஒரு கைல பிடிச்சுட்டு நிப்பேன், பக்கத்து வீட்டுக்காரர் ஆபீஸ் கிளம்பும்போது பாத்தவர் காபி வாங்கிட்டுத் திரும்பி வரும்போதும் நான் அதே போஸ்ல நின்னுட்டிருந்தேன். நிமித்தும்போது அந்த நூல் அறுபடாது. சுத்தி சுத்தி இழுத்தாலும் வரும், சட்டைக் கையில ஒரு கோடு, பேண்ட்ல ஒரு கோடு, கார் கதவுப் பிடியில ஒரு கோடு. சோப்புக்குப் போகாது. மண்ணெண்ணெய்க்குக் கொஞ்சம் போகும்.

இது கோடைகாலக் கதை. 1974 ஜனவரில ஒரு நாள் காலையில வெளிய மைனஸ் இருபது, டப்பா காரோட டிக்கில ராத்திரி பூரா கிடந்திருக்கு, குத்திக் கவுத்தா ஒரு சொட்டு வரல. டப்பாவுக்குள்ள பாகு கல்லாயிடுச்சு. லேபுக்கு நேரமாச்சேன்னு உள்ள எடுத்துட்டுப் போய் ஒரு பாத்திரத்துல வெந்நீர் வச்சு அதுல டப்பாவை நிறுத்தினேன். பக்கத்து அடுப்புல ரூம்மேட் ரசம் வச்சிட்டிருந்தான், மயிலாப்பூர்ப் பையன், ஆசாரம். டப்பா சாஞ்சு வெந்நீர்ல ரெண்டு சொட்டு விழுந்துச்சு, அவ்வளவுதான், ரசத்துல கூட விழல. அவன் அந்தப் பாத்திரத்தை ஜன்னல் வழியா பனியில வீசினான், வசந்தம் வந்தப்புறம்தான் எங்களுக்குப் பாத்திரம் திரும்பக் கிடைச்சது. உள்ள கெட்டியா பளபளன்னு ஒரு வளையம் அப்படியே இருந்துச்சு. அது ஏன் அப்படி ஒட்டுதுன்னு பின்னாடி தெரிஞ்சுகிட்டேன். அந்தக் கெட்டித்தனத்துக்குக் காரணம் பாலிஐசோபியூட்டிலீன்னு ஒரு பாலிமர், சூயிங் கம் செய்யறதுலயும் அதே குடும்பத்துச் சரக்குதான் போகுது. கூட தேய்மானத்துக்கு ஜிங்க் கலந்த ஒரு மருந்து கொஞ்சம். மொத்தத்துல எஞ்சினுக்கு சூயிங் கம் ஊட்டிட்டிருந்தேன்.

எஸ்டிபிக்கு டிவில ஒரு விளம்பரம் வரும், ஸ்க்ரூட்ரைவர் நுனியை அதுல முக்கி எடுத்து ரெண்டு விரலால பிடிச்சுத் தூக்கச் சொல்வாங்க, பிடிக்கவே முடியாது, வழுக்கிட்டே போகும், பாருங்க எவ்வளவு வழுக்குதுன்னு. ஆண்டி க்ரானடெல்லின்னு குண்டா ஒருத்தர், அந்தக் கம்பெனித் தலைவர், அவரேதான் விளம்பரத்துல வருவார். எனக்கு அது சும்மா விடல. ஒரு சனிக்கிழமை ராத்திரி கிச்சன் மேஜையில உட்கார்ந்து நானும் அந்த ரசக்காரனும் சோதனை போட்டோம். முதல்ல என் நாற்பது சென்ட் கம்மி டப்பா. வழுக்கிச்சு. அடுத்து 30 நம்பர் சாதா ஆயில். அதுவும் வழுக்கிச்சு. மூணாவது அவங்க அம்மா தலைக்குத் தேய்க்கக் கொடுத்தனுப்பின தேங்காய் எண்ணெய், குளிர்ல உறைஞ்சு கிடந்ததை உருக்கித் தடவினோம், ஸ்க்ரூட்ரைவர் விரல்ல நிக்காம மேஜையைத் தாண்டிக் கீழ விழுந்து அவன் கால் கட்டைவிரல்ல குத்துச்சு. மூணுல முதல் பரிசு தேங்காய் எண்ணெய்க்கே. அதை அஞ்சு குவார்ட், கிட்டத்தட்ட அஞ்சு லிட்டர், ஊத்தி யாராவது கார் ஓட்டுவாங்களா? விரல்ல வழுக்கறதுக்கும் பேரிங்ல நிக்கறதுக்கும் என்னய்யா சம்பந்தம்? ஆனா விளம்பரத்தைப் பாக்கும்போது இந்தக் கேள்வி ஒரு தடவை கூட எனக்கு வரல, இன்ஜினியரிங் படிக்கறவன் நான்.

இப்ப ஸ்டிக்கர். 1973 மே 28, திங்கட்கிழமை, நாங்க அஞ்சு பேர் அந்தப் புகை வண்டியில இண்டியானாபொலிஸ் போனோம், 500 மைல் ரேஸ் பாக்க. ஒரு மணி சொச்சம் பயணம். பின்னாடி வந்தவங்க எல்லாம் ஹாரன் அடிச்சே எங்களை வரவேத்தாங்க. மைதானத்துக்கு நடுவுல நின்னோம். மழையால லேட்டா ஸ்டார்ட் ஆச்சு, கொடி அசைஞ்ச உடனே நேர்ப் பாதையில சால்ட் வால்தர்னு ஒருத்தர் ஓட்டின காரு மோதிப் பறந்து தீப்பிடிச்சு ஆடியன்ஸ் மேலயே எரியற பெட்ரோல் மாதிரி ஏதோ தெறிச்சுச்சு, அது மெத்தனால்னு அப்புறம் தெரிஞ்சது. நாங்க நின்ன இடத்துலேர்ந்து புகையும் கூச்சலும்தான். அப்புறம் மறுபடி மழை. வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. வெளிய வர்ற வழியில ஒரு பையன் கட்டுக் கட்டா எஸ்டிபி ஸ்டிக்கர் வச்சுக் கொடுத்துட்டிருந்தான், சிவப்பு முட்டை வடிவம், வெள்ளை எழுத்து. ஆளுக்கு நாலு வாங்கினோம். நான் அங்கயே மழையைத் துடைச்சுட்டு பின் கண்ணாடிக்குக் கீழ டிக்கி மேல ஒண்ணு ஒட்டினேன். உள்ள ஓடறது லோக்கல் சரக்கு, வெளிய எஸ்டிபி. சத்தியமா சொல்றேன், திரும்பி வரும்போது கார் வேகமா போன மாதிரியே இருந்துச்சு.

செவ்வாய்க்கிழமையும் மழை. புதன்கிழமைதான் ரேஸ் நடந்துச்சு, நான் லேப்ல ரேடியோவுல கேட்டேன். எஸ்டிபி கார்ல ஓட்டின ஸ்வீட் சாவேஜ் நாலாவது வளைவு தாண்டி வெளிய வரும்போது சுவத்துல மோதி கார் சிதறித் தீப்பிடிச்சுச்சு. அவரைக் காப்பாத்த தீயணைப்பு வண்டி பிட் பாதையில, அதான் காரை நிறுத்தி டயர் மாத்தற இடத்துல, எதிர்த் திசையில வேகமா வந்ததுல எஸ்டிபி அணியோட பிட் வேலையாள் அர்மாண்டோ டெரான் அடிபட்டு இறந்து போனார். சாவேஜ் ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்து ஜூலை 2ஆம் தேதி போய்ச் சேந்தார். அதே ரேஸ்ல மழை வந்து 133வது சுத்துல நிறுத்தி, ஜெயிச்சது கோர்டன் ஜான்காக், அதே அணி, அதே சிவப்பு எஸ்டிபி கார். அந்த வாரம் வீட்டுக்கு வந்து டிக்கி மேல இருந்த ஸ்டிக்கரைப் பாக்கப் பிடிக்கல. நகத்தால சுரண்டினேன், பிளேடு போட்டேன். ஓரம் கூட எழும்பல. வெயில், பனி, ரோட்டு உப்பு எல்லாம் தாங்கி நான் காரை விக்கற வரைக்கும் அது அங்கயே இருந்துச்சு.

எங்க லேப்ல ஒரு டெக்னிஷியன் இருந்தார், அறுபது வயசு, வருஷம் தவறாம ரேஸ் போறவர். அவர்தான் எனக்குப் பழைய கதையெல்லாம் சொன்னது. 1967ல க்ரானடெல்லி ஒரு டர்பைன் கார் இறக்கினார், ப்ராட் அண்ட் விட்னி எஞ்சின், விமானத்துக்குப் போடற ஜாதி, பார்னெலி ஜோன்ஸ் ஓட்டினார். மத்த காரெல்லாம் அலறிட்டுப் போகும், இது மட்டும் உஸ்ஸ்னு காத்து மாதிரி போகுமாம், கிழவர் உதட்டைக் குவிச்சு ஊதிக் காட்டுவார். 200 சுத்துல 171 சுத்து அதுதான் முன்னாடி. மூணு சொச்சம் சுத்து பாக்கி இருக்கும்போது கியர் பக்கத்துல ஒரு பேரிங் போச்சு, ஆறு டாலர் பேரிங். ஏ.ஜே.ஃபாய்ட் ஜெயிச்சார். அடுத்த வருஷம் ரூல் மாத்தி டர்பைனுக்குக் காத்து போற வழியைச் சுருக்கினாங்க, அப்பவும் லோட்டஸ் 56 காரோட வந்தாங்க, ஜோ லெனர்ட் முன்னாடி போயிட்டிருந்தவர் ஒன்பது சுத்து மிச்சம் இருக்கும்போது எஞ்சின் அணைஞ்சு நின்னுட்டார். அதுக்கும் அடுத்த வருஷம், 1969ல, சாதா பிஸ்டன் எஞ்சின் வச்ச கார்ல மாரியோ ஆண்ட்ரெட்டி ஜெயிச்சுக் கொடுத்தார், க்ரானடெல்லி ஓடிப் போய் அவர் கன்னத்துல பச்சக்னு ஒரு முத்தம். அந்தப் போட்டோ லேப் சுவத்துல ஒட்டியிருக்கும். 1946லேர்ந்து அந்த மைதானத்துல முட்டி மோதினவர், முத்தம் கொடுக்க மாட்டாரா.

இதுல எனக்கு அப்பவே ஒரு சந்தேகம், டெக்னிஷியன்கிட்ட கேட்டேன். அந்த டர்பைன்ல பிஸ்டனே இல்லயே, ரிங் இல்ல, டேப்பட் இல்ல, இந்தப் பாகை அதுல எங்க ஊத்தினாங்க? அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு என்னை ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் "நீ ஸ்டிக்கரை எங்க ஒட்டியிருக்க?"ன்னு கேட்டார்.

ரிச்சர்ட் பெட்டி கதை தனி. நாஸ்கார்ங்கற அமெரிக்கக் கார் ரேஸ்ல ராஜா, அவங்க குடும்பக் கார் எப்பவும் இளநீலம். 1972ல எஸ்டிபி பணம் போட வந்தப்போ க்ரானடெல்லி காரை முழுக்க சிவப்பாக்குன்னார், இவர் மாட்டேன்னார், முழுச் சிவப்புன்னா இன்னும் 50,000 டாலர் தர்றேன்னாராம், அப்பவும் முடியாதுன்னுட்டார். கடைசில பாதி நீலம் பாதி சிவப்பு. அந்தக் கலர்லதான் 1984 ஜூலை 4 அன்னிக்கு டேடோனாவுல அவரோட 200வது வெற்றி, ஜனாதிபதி ரீகன் விமானத்துலேர்ந்தே போன்ல ஸ்டார்ட் சொல்லிட்டு மைதானத்துக்கு வந்து பாத்தார். ஒரு டப்பா ஆயில் பாகு விக்கற கம்பெனி ஜனாதிபதி வரைக்கும் போயிடுச்சு. மனுஷன் நீலத்தை விட்டுக் கொடுக்கல பாருங்க, எனக்கு அது பிடிச்சது.

எஸ்டிபி மட்டும்னு நினைக்காதீங்க. 1950 இண்டியானாபொலிஸ்ல ஜானி பார்சன்ஸ் ஜெயிச்ச கார் பேரே வின்ஸ் ஃப்ரிக்‌ஷன் ப்ரூஃபிங், அதுவும் ஆயில்ல கலக்கற சரக்குதான், வக்கீல் ஒருத்தர் 1939ல ஆரம்பிச்ச கம்பெனி. அதே 1939ல சியாட்டில்ல பார்டால் ஆரம்பிச்சது, நார்வேலேர்ந்து வந்த ஓலே பார்டால். அவங்க கார்லயும் போட்டாங்க, ஆனா பேர் வாங்கினது படகுல, மிஸ் பார்டால்னு பச்சை மஞ்சள் ஹைட்ரோபிளேன், தண்ணி மேல பறக்கற மாதிரி போற ரேஸ் படகு, ரான் மஸ்ஸன் ஓட்டி 1963, 64, 65 மூணு வருஷமும் தொடர்ந்து கோல்ட் கப், அந்தப் படகு ரேஸ்ல பெரிய கோப்பை. 1966ல வாஷிங்டன்ல பொடோமாக் ஆத்துல நடந்த போட்டியில அவர் இறந்துட்டார், அன்னிக்கு ஒரே நாள்ல மூணு படகோட்டிகள் போனாங்க. ஆஸ்திரேலியாவுல ரீடெக்ஸ்னு இன்னொரு கலக்கற சரக்கு பேர்ல 1953லேர்ந்து நாட்டையே சுத்தி வர்ற ரேஸ், 1954ல ஜெயிச்சது ஜாக் முர்ரே, பட்டப்பேர் ஜெலிக்னைட் ஜாக், வழியெல்லாம் வெடி போட்டுக்கிட்டே போனவர். இவங்க யாரும் ஆயிலைப் பத்தி ஒரு வார்த்தை சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல, நாமளா டப்பாவைப் பாக்கும்போது அந்தப் படகும் வெடியும் ஞாபகம் வந்துடும்.

சரி, வேலை செஞ்சுதா இல்லயா, அதைச் சொல்லு. செஞ்சது, அதுதான் கொடுமை. டப்பா ஊத்தாதப்ப 200 மைலுக்கு ஒரு குவார்ட் ஆயில் குடிக்கும். ஊத்தினா 350 மைல் வரும். டேப்பட் பாதி அடங்கும். ஆயில் பிரஷர் விளக்கு சிக்னல்ல மினுக்கறது நிக்கும். தேஞ்ச எஞ்சின்ல இடைவெளி பெருசாயிடுச்சு, மெல்லிசு ஆயில் அதுல நிக்காம ஓடிடும், கெட்டி ஆயில் கொஞ்சம் நிக்கும், அவ்வளவுதான் விஞ்ஞானம். 40 நம்பர் ஆயில் ஊத்தியிருந்தாலும் ஏறக்குறைய இதேதான் நடந்திருக்கும், காசும் மிச்சம். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 1971லயே எஸ்டிபியைப் பத்தி இது ஆயிலைக் கெட்டியாக்கற சமாச்சாரம்தான், புது காருக்கு ஊத்தாதீங்கன்னு எழுதிட்டாங்க. நான் வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. எங்க லைப்ரரிலயே அந்த இதழ் இருந்துச்சு, 1975ல வேற எதையோ தேடும்போது கண்ல பட்டது, படிச்சுட்டு அன்னிக்கு சாயங்காலமே போய் இன்னொரு டப்பா வாங்கினேன். 1978ல எஃப்டிசி, அதாவது அரசாங்கத்தோட வர்த்தக கமிஷன், எஸ்டிபி விளம்பரம் விஷயமா 700,000 டாலருக்கு செட்டில்மென்ட் பண்ண வச்சுது, அதுல 200,000 டாலர் 'எங்க மேல இப்படி ஒரு விசாரணை நடந்துச்சு'ன்னு அவங்களே பத்திரிகைகள்ல விளம்பரம் கொடுக்கறதுக்கு. தண்டனையும் விளம்பரம்தான்.

தொண்ணூறுகள்ல ஸ்லிக் 50 பேர் அடிபட்டுச்சு, டெஃப்லான் ஜாதிப் பொடி கலந்தது, அதுக்கும் ரேஸ், அதுக்கும் ஸ்டிக்கர். டெஃப்லானைக் கண்டுபிடிச்ச டூபாண்ட் கம்பெனியே எஞ்சின் ஆயிலுக்கு இது பிரயோஜனம் இல்லன்னு சொல்லியும் வித்துச்சு. 1996ல எஃப்டிசி கேஸ், அடுத்த வருஷம் வாடிக்கையாளர்களுக்குக் குறைஞ்சது 10 மில்லியன் டாலர் மதிப்புக்கு ஈடு கொடுக்க ஒத்துகிட்டாங்க. அதை நான் வாங்கல. நூல் வராத சரக்கு மேல எனக்கு நம்பிக்கை இல்ல.

இப்ப அந்த விவகாரம். 1976ல வேலை கிடைச்சு ஒஹையோ கிளம்பினேன், காரை விக்கணும். புதுசா கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு பையன் வந்திருந்தான், அண்ணா அண்ணான்னு சுத்தி வருவான், கார் வேணும்னான். 225 டாலர். முந்தின நாள் ராத்திரி ஆயில் மாத்தினேன், அதோட ரெண்டு டப்பா ஊத்தினேன். கோடைதான், நல்லா இறங்குச்சு, கடைசிச் சொட்டு வரைக்கும் நின்னு வடிச்சேன். காலையில அவன் பானெட்டைத் திறந்து காதை வச்சுக் கேட்டான், நான் மூணு வருஷம் முன்னாடி நின்ன மாதிரியே. தையல் மெஷின் மாதிரி ஓடுதுங்ணான்னான். டிக்கி ஸ்டிக்கரைத் தடவிப் பாத்தான். பணத்தை எண்ணினான். சித்தப்பா ஞாபகம் வந்துச்சு, பேசாம வாங்கிப் பையில வச்சுகிட்டேன். அதுக்கப்புறம் எத்தனையோ கல்யாணம், எத்தனையோ பொங்கல் விழாவுல பாத்திருக்கோம், நானும் சொல்லல, அவரும் கேக்கல.

வாட்ஸ்ஆப் கேள்வி வந்தது அவர்கிட்டேர்ந்துதான். படிச்சதும் வயித்துல என்னமோ பண்ணுச்சு, எழுதினா சரியா வராதுன்னு போனே போட்டேன். சொல்லிட்டேன், எல்லாத்தையும், ரெண்டு டப்பா கணக்கோட. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சிரிக்கறார், இருமி இருமிச் சிரிக்கறார். "தெரியுமுங்ணா. ஆயில் மாத்தின அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. ஒரு மாசம் உங்களைத் திட்டாத நாள் கிடையாது. அப்புறம் நான் 78ல ஒரு ஆந்திராக்காரனுக்கு வித்தேன், மூணு டப்பா."

மூணாம்! நான் ரெண்டுதானே ஊத்தினேன்னு ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையா கூட இருந்துச்சு.

ஆக பேரனுக்குப் பதில். தம்பி, ஊத்தாதே. இன்னிக்குக் காரெல்லாம் 0டபிள்யூ-20ன்னு தண்ணி மாதிரி ஆயில்ல ஓடறது, எஞ்சின் வால்வ் திறந்து மூடற நேரத்தை மாத்தற நுணுக்கமெல்லாம் அந்த மெல்லிசு ஆயில் பிரஷர்லதான் நடக்குது, சின்னச் சின்ன ஓட்டை, அதுல போய்ப் பாகை விட்டா என்ன ஆகும்னு நீயே யோசி. குளிருக்கும் சூட்டுக்கும் ஏத்த மல்டிகிரேடு ஆயில்ல கெட்டியாக்கற பாலிமர் ஏற்கனவே அளவோட கலந்துதான் வருது. காரை ரெண்டாயிரம் டாலருக்கு வாங்கியிருந்தா முதல்ல பிசிவி வால்வை, அதான் எஞ்சினுக்குள்ள சேர்ற வாயுவை வெளியேத்தற வால்வை, பாரு, பத்து டாலர் பாகம், அது அடைச்சிருந்தாலும் ஆயில் குடிக்கும். அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவு. விரல்ல தொட்டு ஒட்டிப் பிரி. நூல் வந்தா வித்தவன்கிட்ட போய்ச் சண்டை போடு, உங்க தாத்தாவைக் கூட்டிட்டுப் போகாதே.

அஞ்சுக்கு ஒண்ணரை ஸ்டார் கொடுக்கலாம். ஊத்தற தொல்லைக்கு ஒண்ணு குறைச்சா அரை.

நம்ம வீட்டுப் புல் வெட்டற மெஷின் மட்டும் விதிவிலக்கு. ஒத்தை சிலிண்டர், பதினெட்டு வருஷமாச்சு, ஸ்டார்ட் பண்ணா பக்கத்து வீட்டு நாய் தும்முது. வருஷா வருஷம் ஏப்ரல்ல அதுக்கு ஒரு கால் பாட்டில் ஊத்தறேன், இந்தத் தடவை அசல் எஸ்டிபியே வாங்கினேன், இனிமே நாற்பது சென்ட் பாத்து என்ன ஆகப் போகுது. இப்பல்லாம் பிளாஸ்டிக் பாட்டில், அழுத்தினா சீக்கிரம் வருது, ஆனாலும் அடியில கொஞ்சம் ஒட்டிக்குது. நேத்து சாயங்காலம் கராஜ்ல புனலுக்கு மேல கவுத்து வச்சுட்டு சாப்பிட வந்தேன், இன்னும் வடிஞ்சிட்டிருக்கும்.